டீசல் லைன் ஜாயின்ட்டில் கசிவு: டெஃப்லான் டேப்பா, பசையா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கிறது. அடியில் இருந்த டேங்க் துருப்பிடித்து ஓட்டையானதால், வெளியே ஸ்டாண்டு அடித்து 990 லிட்டர் டேங்க் ஏற்றினோம். அங்கிருந்து அரை இஞ்ச் ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன் இழுத்து, நடுவில் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற ஒரு வாட்டர் செபரேட்டர் வைத்து, அதற்குப் பிறகு ரப்பர் ஹோஸில் இன்ஜினுக்குப் போகிறது.

வேலை முடிந்த மறுநாளே பால் வால்வு நிப்பிளில், அதாவது இரு முனையிலும் மரை உள்ள துண்டுக் குழாயில், ஈரம். செபரேட்டரின் இரண்டு பக்கமும் ஈரம். இன்ஜின் பக்கம் ஹோஸ் முனையில் இருக்கிற பேஞ்சோ போல்ட்டிலும் (உள்ளே துளை உள்ள போல்ட், ஹோஸின் வளைய முனையைப் பிடிப்பது) லேசாகக் கசிகிறது. பிளம்பர் வந்து எல்லாவற்றையும் கழற்றி, டேப்பை இன்னும் அதிகமாகச் சுற்றி இறுக்கினார். நிற்கவில்லை. பிறகு வெளிப்பக்கமாக எம்-சீல் பூசினார். இப்போது அந்தப் பூச்சுக்கு அடியிலிருந்து வருகிறது. சமையல் கட்டு பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு இது பெரிய கவலை.

கடையில் மூன்று காட்டுகிறார்கள். தடிமனான மஞ்சள் டேப், குப்பியில் வருகிற மரைப் பசை, சிலிக்கான் ட்யூப். எது டீசலுக்கு நிற்கும்?

ஜென்செட் சர்வீஸ் எழுதியது:

ஐயா, எதை வாங்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, நீங்க சொன்ன ஒவ்வொரு ஜாயின்ட்டும் எந்த இடத்துல அடைக்குதுன்னு பாருங்க. சீலண்ட் (டேப்போ பசையோ) வேலை செய்யற இடம் ஒண்ணே ஒண்ணுதான்: மரையே அடைப்பா இருக்கிற இடம், அதாவது முனைக்குப் போகப் போகச் சன்னமாகற கூம்பு மரை. மத்த எல்லாத்துலயும் மரை இறுக்கிப் பிடிக்க மட்டும்தான். அடைக்கிறது வேற ஒரு பாகம்.

உங்க பேஞ்சோ போல்ட்ல அடைக்கிறது ரெண்டு பக்கமும் இருக்கிற காப்பர் வாசர். அந்த மரையில டேப்பைச் சுத்தினா ஒரு பிரயோஜனமும் கிடையாது. டீசல் போல்ட்டுக்கு உள்ளே இருக்கிற துளை வழியா ஹோஸ் கண்ணுக்குள்ள வந்து, வாசர் முகத்துலதான் தப்பிக்கப் பார்க்கும். ஹைட்ராலிக் மாதிரி கூம்பு முகம் வைச்ச நட் இருந்தா, அங்க இரும்பும் இரும்பும் உட்கார்ந்து அடைக்குது. அதுல பசை போட்டா முகம் சரியா உட்காராம புதுசா கசிவு வரும். ஓ-ரிங் போர்ட்ல ரப்பர் வளையம் அடைக்குது. ஒரே தடிமனா போற நேர் மரைக்குத் தட்டை முகமும், ரப்பர் ஒட்டின வாசரும் வேணும்.

ஆக உங்க நாலு இடத்துல பால் வால்வு நிப்பிளுக்குக் கண்டிப்பா சீலண்ட் வேணும். பேஞ்சோவுக்கு வேண்டாம். செபரேட்டரோட ரெண்டு போர்ட்டும் என்ன மரைன்னு தெரியாம சொல்ல முடியாது. போட்டோ போடுங்க. அந்த உடம்புல ஏதாவது எழுத்து வார்த்திருக்கான்னு துடைச்சுப் பாருங்க.

அந்த எம்-சீலை உடைச்சு எடுத்துடுங்க. வெளியே பூசறது எதுவும் டீசல் ஈரத்து மேல ஒட்டாது.

டேங்க் 990 லிட்டர்ல எடுத்தது சரி. 1000 லிட்டருக்கு மேல ஒரே டேங்க்ல வைச்சா பெட்ரோலியம் சட்டத்துல லைசென்ஸ் கேட்பாங்க. மொத்தமா 2500 லிட்டரையும் தாண்டக் கூடாது.

டிராக்டர் பட்டறை எழுதியது:

சர்வீஸ்காரர் சொன்னதுல பாதிக்கு நான் உடன்படறேன். ஆனா டேப்பை ஏதோ ஆகாததுன்னு யாரும் நினைச்சுடக் கூடாது. பிடிஎஃப்இ டேப்பை, அதாவது டெஃப்லான் டேப்பை, டீசல் ஒண்ணும் செய்யாது. கரைக்காது, ஊதவைக்காது. எங்க பட்டறையில டிராக்டர் டேங்க் காக்குக்கு இன்னிக்கும் டேப்தான். கசியறது டேப்போட குத்தம் இல்லை, சுத்தற முறை.

மரையோட முனை உங்களைப் பார்த்து இருக்கணும். கடிகாரம் சுத்தற திசையில சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்தினா முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துடும். டேப்பை இழுத்துப் பிடிச்சு, மரைப் பள்ளத்துக்குள்ள அது பதியற மாதிரி சுத்தணும். மெல்லிசா இருந்தா நாலு சுத்து, தடிமனா இருந்தா ரெண்டோ மூணோ போதும். முனையில ஒண்ணு ரெண்டு மரையை வெறுமையா விட்டுடணும்.

இன்னொண்ணு. எல்போ நேரா நிக்கலைன்னு கால் சுத்து பின்னால திருப்புவாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் கெடுது. டேப் போட்ட ஜாயின்ட்டைப் பின்னால திருப்பினா முழுசா கழட்டி, துடைச்சு, புது டேப் சுத்தணும். வேற வழி இல்லை.

நாகை விசைப்படகு எழுதியது:

பட்டறை அண்ணே, நீங்க சொல்ற மாதிரி கையில பதமா சுத்துறவங்க எத்தனை பேரு? கடல்ல எங்களுக்கு டேப்புன்னாலே பயம். ஃபில்டருக்கு முன்னாடி டேப் துணுக்கு உதிர்ந்தா ஃபில்டர் பிடிச்சிக்கும், சரி. ஃபீட் பம்ப் வால்வுல ஒரு நூல் சிக்கிச்சின்னா வால்வு மூடாது, இன்ஜின் இழுக்காது. ஃபில்டருக்கு அப்புறம் உதிர்ந்தா அது நேரா மெயின் பம்ப்புக்கும் நாசிலுக்கும் போவும். கரையிலேர்ந்து இருபது நாட்டிகல் மைல் தள்ளி நிக்கையில நாசில் அடைச்சா என்ன ஆவும்னு யோசிங்க.

எங்க போட்டுல டேங்க் கீழே, பம்ப் மேலே. அதனால எங்க கசிவு கண்ணுக்கே தெரியாது. டீசல் வெளியே வராது, காத்து உள்ளே போவும். ராத்திரி நிறுத்தி வைச்சா லைன்ல இருக்கிற டீசல் டேங்க்குக்கே இறங்கிடும். விடியக்காலை கைப்பம்ப் அடிச்சி அடிச்சி தோள் இறங்கிடும். ஏர் எடுக்குதுன்னு தெரிஞ்சாலும் எந்த ஜாயின்ட்டுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாடு.

அதுக்கு ஒரு வழி இருக்கு. டேங்க் பக்கத்து லைனைக் கழட்டி, ஒரு கேன் டீசலை இன்ஜினுக்கு மேலே உசரத்துல கட்டி அதுலேர்ந்து விடுவோம். இப்ப லைனுக்குள்ள அழுத்தம் வந்துடும். காத்து உறிஞ்சின ஓட்டை வழியா டீசல் வெளியே வரும். துணியால எல்லா ஜாயின்ட்டையும் துடைச்சிட்டு சாக்பீஸ் பொடி தூவினா, ஈரம் முதல்ல எங்க கருக்குதோ அதுதான் இடம். கேன் இல்லாட்டி பம்ப்புக்கு முன்னாடி ஒரு சாண் தெளிவான ஹோஸ் போட்டா குமிழி போறது தெரியும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படம் ஏற்றியிருக்கிறேன். செபரேட்டர் தலையைத் துடைத்துப் பார்த்ததில் போர்ட் பக்கத்தில் "1/2-14 என்பிடி" என்று ஆங்கிலத்தில் வார்த்திருக்கிறது. அதில் பிளம்பர் போட்டது சாதாரண பைப் கடை நிப்பிள். கையால் நன்றாகவே ஏறியது, தடையே இல்லை. பால் வால்வில் "பிஎஸ்பி" என்று இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். டேங்க் அடிமட்டம் ஓர் ஆள் உயரம்தான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? இதே பிளம்பர் போட்ட தண்ணீர் லைன் நான்கு மாடிக்கு ஏறுகிறது, ஒரு சொட்டுக் கிடையாது.

திருபுவனம் லேத் எழுதியது:

கிடைச்சுடுச்சு உங்க கசிவு. செபரேட்டர்ல இருக்கிற என்பிடி அமெரிக்க பைப் மரை. நிப்பிள் நம்ம ஊர்ல புழங்கற பிரிட்டிஷ் மரை, பிஎஸ்பி. அரை இஞ்சுலயும் முக்கால் இஞ்சுலயும் ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான். அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு அருமையா ஏறும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா மரையோட கோணம் வேற. பிஎஸ்பி 55 டிகிரி, என்பிடி 60 டிகிரி. ரெண்டையும் முறுக்கினா மரையோட பக்கங்கள் முழுசா ஒட்டாது. அடியிலேர்ந்து மேல வரைக்கும் சுருள் சுருளா ஒரு சந்து நிக்கும். அந்தச் சந்து வழியா டீசல் சுத்திச் சுத்தி வெளியே வரும். எத்தனை டேப் சுத்தினாலும் கொஞ்ச நாள்தான்.

கால் இஞ்சா இருந்திருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. அங்க பிஎஸ்பி 19 மரை, என்பிடி 18. சில சுத்து ஏறி, கடிச்சு நின்னுடும். ஒரு இஞ்சுலயும் 11, பதினொன்றரைன்னு மாறும். அரையும் முக்காலும்தான் ஏமாத்தும்.

மரை கேஜ் வைச்சா பல் எண்ணிக்கை ஒண்ணா இருக்கிறதால சட்டுனு தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சு, கேஜ் பல் மரையோட பள்ளத்துல முழுசா உட்காருதான்னு பார்க்கணும். வெர்னியர் இருந்தா வெளி விட்டம் அரை இஞ்ச் பிஎஸ்பிக்கு 20.95 மில்லி, என்பிடிக்கு 21.3 மில்லி கிட்ட. ஆனா கூம்பு மரையில எந்த இடத்துல அளக்கறீங்கன்னு பொறுத்து இது மாறும், அதனால இதை மட்டும் நம்பாதீங்க. வார்ப்பு எழுத்து இருந்தா அதுதான் சாட்சி.

ஒரு பக்கம் என்பிடி, மறுபக்கம் பிஎஸ்பி வைச்ச அடாப்டர் ஹைட்ராலிக் ஹோஸ் கடையில கிடைக்கும். இல்லைன்னா எந்த நல்ல லேத்துலயும் மைல்டு ஸ்டீல்ல கடைஞ்சு தருவாங்க. தண்ணி பைப் கடையில தேடாதீங்க.

கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. செபரேட்டர் தலை அலுமினியம் வார்ப்பு. கூம்பு மரை ஒரு ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும். டேப் வழுக்கலா இருக்கிறதால எவ்வளவு இறுக்கறோம்னு கைக்குத் தெரியாது, வார்ப்பு பிளந்துடும். கையால முடிஞ்ச வரைக்கும் ஏத்தி, அப்புறம் ஸ்பேனர்ல ஒண்ணரையிலேர்ந்து ரெண்டு சுத்து. அதுக்கு மேல போகாதீங்க. பழைய நிப்பிளைக் கழட்டினதும் போர்ட் வாயில முடி மாதிரி விரிசல் இருக்கான்னு பாருங்க.

ஜென்செட் சர்வீஸ் எழுதியது:

லேத்துக்காரர் சொன்னதுக்கு மேல நான் சேர்க்க ஒண்ணும் இல்லை. உங்க தண்ணி லைன் கேள்விக்கு வர்றேன்.

ஆள் உயரத்துல டீசலோட அழுத்தம் ஒரு பார்ல (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு) ஆறுல ஒரு பங்கு கூட வராது. ஆனா கசிவுக்கு அழுத்தம் மட்டும் காரணம் இல்லை. டீசல் தண்ணியை விடக் கொஞ்சம் கெட்டியானதுதான். ஆனா அதோட பரப்பு இழுவிசை தண்ணியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. இரும்பு மேல முத்தா நிக்காது, படர்ந்து ஊரும். தண்ணி ஜாயின்ட்ல சின்னச் சந்து இருந்தா அது துருவாலயும் உப்பாலயும் தானே அடைஞ்சுடும். கசியற ஈரமும் காஞ்சுடும், நமக்குத் தெரியாது. டீசல் ஆவியாகாம அப்படியே நிக்கும், தூசியைப் பிடிச்சுக் கறுப்பாகும். தண்ணி லைன்ல தேறின ஜாயின்ட் டீசலுக்குத் தேறாம போறது இதனாலதான்.

இதைவிட எனக்கு உறுத்தறது உங்க ஜிஐ பைப். டீசலுக்குத் துத்தநாகப் பூச்சு ஆகாது. டீசல்ல இருக்கிற அமிலத்தோட அது சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பொருளா மாறி, ஃபில்டர்லயும் நாசில் முனையிலயும் படியும். இன்னிக்கு நாளைக்குத் தெரியாது. லைனை எப்படியும் கழட்டப் போறீங்க, பூச்சு இல்லாத கறுப்பு இரும்புப் பைப்பா மாத்திடுங்க. உள்பக்கம் துரு, மரை வெட்டின பிசிறு எல்லாத்தையும் ஊதி, டீசல் விட்டுக் கழுவிட்டு மாட்டுங்க.

கிளிநொச்சி வயல் எழுதியது:

வணக்கம் அண்ணைமார். எங்கட நெல் குத்துற மில்லில ஒரு பழைய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் நிக்குது. அதின்ர டீசல் குழாயில கசிவு வந்தால் இஞ்ச எல்லாரும் சிலிக்கான் பசைதான் பூசுவினம். ரெண்டு மூன்று மாதத்தில அது ஊதி, ஜெலி மாதிரி கழண்டு வருது. மற்றது, முந்தி என்ர அப்பா அரக்கைச் சாராயத்தில கரைச்சு மரையில பூசிறவர். அது நல்லா நிண்டது. இப்ப அதைப் பாவிக்கலாமோ?

டிராக்டர் பட்டறை எழுதியது:

கிளிநொச்சி நண்பருக்கு: உங்க அப்பா செஞ்சது சரியான வேலை. அரக்கு ஸ்பிரிட்ல கரையும், டீசல்ல கரையாது. எங்க குருவும் அதைத்தான் போட்டார். குறை என்னன்னா, காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிடும். ஒற்றைச் சிலிண்டர் உதறுற உதறுல நாளடைவுல வெடிப்பு விடும். டேங்க் பக்கம், அசையாத ஜாயின்ட்டுக்கு இன்னிக்கும் தாராளமா போடலாம்.

சிலிக்கானை டீசல் படற இடத்துல போடவே போடாதீங்க. அது டீசலை உறிஞ்சி ஊதும், வலுவிழக்கும். பிதுங்கி உள்ளே போன துண்டு ஃபில்டரை அடைக்கும். ஆயில் சம்ப்புக்குப் போடற பசை அது, இதுக்கு இல்லை.

வழியில வண்டி நின்னு டேங்க் மூட்டுல கசிஞ்சா, துணி துவைக்கிற பார் சோப்பை ஈரமில்லாம நல்லா அழுத்தித் தேய்ச்சா நிக்கும். சோப்பு டீசல்ல கரையாது. வீடு போய்ச் சேர அது போதும். மழை பட்டா போயிடும்.

ஜென்செட் சர்வீஸ் எழுதியது:

இப்ப மரைப் பசைக்கு வருவோம், காவிரிக்கரை ஐயா கேட்ட அசல் கேள்வி அதுதான்.

குப்பியில வர்ற அந்தப் பசை காத்து படாத இடத்துல, இரும்பையோ பித்தளையையோ தொட்டு இறுகற வகை. குப்பியில பாதிக்கு மேல காத்துதான் இருக்கும், அதனாலதான் கடையில இருக்கும்போது இறுகாம இருக்கு. மரைக்குள்ள போய், காத்து வெளியேறி, உலோகம் பட்டதும் இறுக ஆரம்பிக்கும். சந்து எந்த வடிவத்துல இருந்தாலும் அந்த வடிவத்துலயே நிரம்பி நிக்கும். உதறல்ல தளராது. நாகை நண்பர் பயப்படற துணுக்குப் பிரச்சினையும் இதுல இல்லை: உள்ளே பிதுங்கி மரைக்கு வெளியே நிக்கற பசை இறுகாது, டீசலோட போயிடும். என் கணக்குல, இன்ஜின் பக்கத்துல இருக்கிற, அதிர்வு இருக்கிற எந்தக் கூம்பு மரைக்கும் இதுதான். டேப் டேங்க் பக்கத்தோட நிக்கட்டும்.

லாக்டைட்ல பார்த்தா 577 மஞ்சளா, கெட்டியா இருக்கும். 3 இஞ்ச் வரைக்கும் பைப் மரைக்குப் போடலாம், அதுதான் உங்க வேலைக்கு. 542 பழுப்பு, ஓடற பதம், 3/4 இஞ்ச் வரைக்கும் நெருக்கமான மரைக்கு. ஸ்டெயின்லெஸ் ஃபிட்டிங்குக்கு 567. சென்னைக் கம்பெனியான அனாபாண்டும் இந்த வகை செய்யறாங்க. ஆனா கடையில "அனாபாண்ட் குடுங்க"ன்னு மட்டும் கேட்டா பெரும்பாலும் சிலிக்கான் ட்யூபைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. பைப் மரைக்குப் போடற பசைன்னு தெளிவாச் சொல்லி, மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க. போல்ட் கழலாம இருக்கப் போடற பசையும் அதே மாதிரி குப்பியிலதான் வரும். அது வேற.

இது நிக்கறதும் நிக்காததும் துடைக்கிறதுலதான் இருக்கு. பழைய டேப்பை ஊசியால கிளறி எடுக்கணும். மரையில டீசல் ஈரம் கொஞ்சம் கூட இல்லாம கிளீனரால கழுவி, காயவிடணும். ஆண் மரையில முதல் மரையை விட்டுட்டு அடுத்த ரெண்டு மூணு மரைக்குச் சுத்திலும் பூசி, பள்ளம் நிரம்பற மாதிரி தடவணும். டேப்பும் பசையும் சேர்த்துப் போடாதீங்க. டேப் உலோகத்தை மறைச்சுட்டா பசை இறுகாது.

முழுசா இறுக 24 மணி நேரம் கொடுங்க. முகூர்த்தத்துக்கு முதல் நாள் இந்த வேலையை வைச்சுக்காதீங்க. பிளாஸ்டிக் கிண்ணம், பிளாஸ்டிக் மரைன்னா இந்தப் பசை கூடாது. இறுகவும் இறுகாது, சில பிளாஸ்டிக்கை வெடிக்கவும் வைக்கும்.

நாகை விசைப்படகு எழுதியது:

பேஞ்சோவை விட்டுட்டீங்களே. காப்பர் வாசரு ஒரு தடவை நசுங்கினா கெட்டியாயிடும், திரும்பப் போட்டா அடைக்காது. புதுசு வாங்குங்க. கிடைக்காத இடத்துல செவக்கக் காய்ச்சி தண்ணியில போட்டா மெதுவாயிடும், திரும்பப் போடலாம். ரெண்டு பக்கமும் மெல்லிசு உப்புத்தாளை தட்டையான கண்ணாடி மேல வைச்சி தேய்ச்சிட்டு மாட்டுங்க. உள்ளே ரப்பர் ஒட்டின வாசரைக் காய்ச்சக் கூடாது, ரப்பர் எரிஞ்சிடும்.

காய்ச்சுற வேலையை டேங்க் பக்கத்துல வைச்சிக்காதீங்க.

டிராக்டர் பட்டறை எழுதியது:

வாசர் விலைக்கு அதைக் காய்ச்சி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, புதுசே போடுங்க. கோடு விழுந்த பேஞ்சோ முகத்துக்குப் புது வாசரும் உதவாது, அதையும் நகத்தால தடவிப் பாருங்க. மத்தபடி படகு அண்ணன் சொன்னது சரி. பசை விஷயத்துல சர்வீஸ்காரர் சொல்றதையும் ஏத்துக்கறேன், அதிர்வு இருக்கிற இடத்துக்கு அதுதான் நல்லது.

காவிரிக்கரை எழுதியது:

முகூர்த்தம் இல்லாத நாட்களில் வேலையை முடித்தோம். டேங்க் வால்வை மூடி, லைனில் இருந்த டீசலை வாளியில் இறக்கி, ஜிஐ பைப் முழுவதையும் மாற்றினோம். செபரேட்டருக்கு என்பிடி - பிஎஸ்பி அடாப்டர் இரண்டு வாங்கினோம். தலையில் விரிசல் இல்லை. கூம்பு மரைக்கெல்லாம் பசை, பேஞ்சோவுக்குப் புது வாசர். ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டு வால்வைத் திறந்தோம். சாக்பீஸ் பொடி எல்லா இடத்திலும் வெள்ளையாகவே இருக்கிறது, ஓர் இடத்தைத் தவிர. செபரேட்டரின் வெளிவரும் பக்கத்து அடாப்டரில் மட்டும் மறுபடி லேசான ஈரம். அது மட்டும் நிக்கல் பூச்சுப் போட்டுப் பளபளவென்று இருக்கிறது, மற்றது வெறும் பித்தளை.

ஜென்செட் சர்வீஸ் எழுதியது:

காரணத்தை நீங்களே சொல்லிட்டீங்க. பூச்சுப் போட்ட மரையிலயும் ஸ்டெயின்லெஸ்லயும் இந்தப் பசை மெதுவாத்தான் இறுகும், சில நேரம் அரைகுறையா நிக்கும். பித்தளையும் சாதா இரும்பும் தொட்டா சீக்கிரம் இறுகும். அதைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, அந்தப் பசைக்குன்னே வர்ற, இறுகறதைத் தூண்டற ஆக்டிவேட்டரை முதல்ல தெளிச்சு, காஞ்சதும் பசை பூசி ஏத்துங்க. இல்லைன்னா வெறும் பித்தளை அடாப்டரா மாத்துங்க. நான்னா மாத்துவேன்.

அந்த அடாப்டர்லேர்ந்து தொங்கற ஹோஸுக்கு ஒரு கிளாம்ப் அடிச்சு சுவத்துல பிடிச்சிருக்கீங்களா? படத்துல தெரியலை. இன்ஜின் உதறல் ஹோஸ் வழியா வந்து அந்த ஒரு மரையை ஆட்டிக்கிட்டே இருந்தா எந்தப் பசையும் பாவம்தான்.

காவிரிக்கரை எழுதியது:

கிளாம்ப் இல்லை. இன்றே அடிக்கிறேன். அடாப்டரையும் வெறும் பித்தளையாக மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

சேலம் பிக்கப் எழுதியது:

இந்த இழையைப் படிச்சுட்டு ஒரு கேள்வி. என்னோடது காமன் ரயில் பிக்கப், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் 'ரயில்'ங்கற ஒரே பொதுக் குழாய்லேர்ந்து டீசல் போற வகை. ரயில்லேர்ந்து இன்ஜெக்டருக்குப் போற இரும்புக் குழாய் நட்ல ஈரம் தெரியுது. 577 போட்டு இறுக்கலாமா? வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் கசியுது, கை வைச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்.

ஜென்செட் சர்வீஸ் எழுதியது:

கை வைக்காதீங்க. முதல்ல வண்டியை நிறுத்துங்க.

அந்தக் குழாய்ல 1600 பார், சில வண்டியில அதுக்கும் மேல அழுத்தம் போகுது. முடி அளவு ஓட்டையிலேர்ந்து வர்ற டீசல் தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான் தெரியும், வலி கூட உடனே இருக்காது. உள்ளே சதை அழுகி விரலை எடுக்கிற நிலைமை வரும். அப்படி ஏதாவது பட்டா வலி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்குன்னு சொல்லணும். கசிவு பார்க்கணும்னா தள்ளி நின்னு நீளமான அட்டையைக் காட்டிப் பார்க்கணும்.

அந்த நட்ல எந்தப் பசையும் டேப்பும் கிடையாது. குழாயோட உருண்டை முனை கூம்புல உட்கார்ந்து இரும்புக்கு இரும்பு அடைக்குது. ஓடும்போது அதைத் தளர்த்தவோ இறுக்கவோ கூடாது. இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கக் கம்பெனி புத்தகத்துல சொன்ன நேரம் விட்டு, முகத்தைச் சுத்தம் பண்ணி, டார்க் ரெஞ்ச்ல புத்தகத்துல போட்டிருக்கிற அளவுக்கு இறுக்கணும். பல கம்பெனி, அந்தக் குழாயைக் கழட்டினா புதுசு போடச் சொல்றாங்க. முனையில வரி விழுந்திருந்தா யோசிக்காம மாத்துங்க.